லைட்டை அணைக்காமல் போனது யார்?

"பேயா? நானா? என்னைப் பார்த்தா பேய் மாதிரியா இருக்கு?"

"அம்மா, அது பேய் இல்லம்மா..."

"பின்ன என்ன? நிலவறையில கெடக்குது. முகம் கிடையாது. கை ரெண்டும் முழங்கால் வரைக்கும் தொங்குது. அதுக்கு என் குரல்! பேய் இல்லாம அது என்ன, பேங்க் மேனேஜரா?"

"அதுக்கு இன்னும் பேரே வைக்கல."

"பேரு வேற வைக்கப் போறாளாம்! கேட்டீங்களா உங்க பொண்ணு பேச்சை?"

கடைசிக் கேள்வி அப்பாவுக்கு. அவர் ரொட்டித் துண்டில் வெண்ணெயை ஓரம் வரைக்கும் தடவுவதில் முழு மனதாக ஈடுபட்டிருந்தார்.

"எனக்கு அந்த விளையாட்டுல வேஷம் எதுவும் இல்லையா?" என்றார்.

அம்மா அவரைப் பார்த்த பார்வையில் வெண்ணெய் தானாக உருகியிருக்கும்.

நாலாவது மாடியில் சண்டை என்றால் மூன்றாவது மாடியில் டிவி சத்தத்தைக் குறைத்து வைப்பது நம் கட்டடத்து நாகரிகம். அன்று காலை கட்டடம் முழுக்க டிவி ஊமையாகிவிட்டது.

போன வாரம் வெளியூர் போயிருந்தவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பெரியவள் வீடியோ கேம் உருவாக்குகிறவள். அவளுடைய தம்பி, மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் சின்னவன், அக்காவின் முடிவடையாத புது விளையாட்டை அவளுக்குத் தெரியாமல் ஹால் டிவியில் ஓட விட்டான். அம்மா துணி மடித்துக்கொண்டே அந்தப் பக்கம் வந்தாள். டிவிக்குள் இருண்ட நிலவறை. அதன் ஆழத்திலிருந்து ஒரு குரல்.

"லைட்டை அணைக்காம யாரு போனது?"

"நல்லா கேளு! நானும் அதத்தான் தினமும் கேக்கறேன்" என்று அம்மா டிவிக்குப் பதில் சொன்னாள். இரண்டு எட்டு போன பிறகுதான் குரல் யாருடையது என்று உறைத்தது. மடித்த துணியெல்லாம் தரையில்.

அந்த வாசகம் நமக்குப் புதிதில்லை. அம்மாவுக்கு இந்தக் கட்டடத்தில் 'மெயின் சுவிட்ச்' என்று பெயர். அவள் ஓர் அறையை விட்டு வெளியேறினால் அந்த அறைக்கு ராத்திரி. விருந்தாளி குளியலறைக்குள் இருந்தாலும் சரி. லிஃப்ட் பழுது பார்க்க வந்தவர் கூண்டுக்கு மேல் நின்றுகொண்டிருந்தபோது வராந்தா விளக்கை அணைத்த பெருமையும் அவளுக்கு உண்டு. அந்த மனிதர் அன்று கத்திய கத்தலுக்கு நாமெல்லாம் சாட்சி.

பெரியவள் விவகாரம் வேறு மாதிரி. பத்திரிகைகள் அவளை 'இருட்டின் கதைசொல்லி' என்கின்றன. அவளுடைய முதல் விளையாட்டு 'கடைசிப் பேருந்து'. நீங்கள்தான் ஓட்டுநர். ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒருவரை மழையில் இறக்கிவிட வேண்டும். யாரை இறக்கினாலும் அவரை இறக்கியிருக்கக் கூடாது என்று அடுத்த நிறுத்தத்தில் தெரியும். இதை விளையாடிவிட்டு அழுதவர்கள் கணக்கில் அடங்க மாட்டார்கள். இரண்டாவது, வெள்ளத்தில் மூழ்கும் ஒரு கட்டடம். யாரைக் காப்பாற்ற ஓடுகிறீர்களோ அவரைத் தவிர மற்ற எல்லோரையும் காப்பாற்றிவிடலாம். அதற்கு விருது கொடுத்தார்கள். கறுப்புக் கண்ணாடியில் ஒரு சிலை. அப்பா அதன் மேல்தான் தன் மூக்குக் கண்ணாடியை மாட்டி வைக்கிறார்.

பேட்டி எடுக்க வருகிறவர்கள் எல்லாரும் ஒரே கேள்விதான் கேட்பார்கள். "சின்ன வயசுல ஏதாவது பெரிய துக்கமா?"

பெரியவள் சிரித்து மழுப்புவாள். 'ஆழ்ந்த மௌனம்' என்று எழுதிக்கொண்டு போவார்கள்.

துக்கமாவது மண்ணாவது! அப்பா ரொட்டி ஆலையில் காலமெல்லாம் இரவு வேலை பார்த்தவர். பகலில் தூங்குவார். திரைச்சீலை மூடியிருக்கும், விளக்கு அணைந்திருக்கும், பிள்ளைகள் இரண்டும் சாக்ஸ் காலோடு நடக்கும், ரகசியம் பேசுவது போல் பேசும். இருட்டில் வளர்ந்த பிள்ளைக்கு இருட்டுக் கதை வந்தது. இதில் என்ன மர்மம்? நம்மைக் கேட்டிருந்தால் மாடிப்படியிலேயே சொல்லியிருப்போம்.

சரி, சண்டைக்கு வருவோம்.

"அது தற்காலிகமா வெச்சதும்மா. அசல் குரல் கிடைக்கிற வரைக்கும் சும்மா ஒரு குரல் போட்டு வைப்போம். அன்னிக்கு நீ சமையக்கட்டுல கத்தினத போன்ல எடுத்தேன்."

"அப்புறம் அசல் குரல் ஏன் வரல?"

பெரியவள் கொஞ்சம் தயங்கினாள். "நடிகைங்கள வெச்சுப் பார்த்தோம். ஒருத்தி அலறினா. ஒருத்தி அழுதா. யாருமே பயப்படல. உன் குரலைக் கேட்டதும்தான் தடிதடியா ஆம்பளைங்க எழுந்து தண்ணி குடிக்கப் போனாங்க."

சின்னவன் பல் துலக்கிக்கொண்டிருந்தவன், நுரையோடு சிரித்துவிட்டான்.

"சிரிக்கிறியா? எல்லாம் உன்னாலதாண்டா. இங்க பாருடி, சாயங்காலத்துக்குள்ள என் குரலை எடுக்கற."

"சாயங்காலம் குரல் மட்டுமா போகப்போகுது? மொத்த விளையாட்டுமே போனாலும் போயிடும்மா!"

இது சத்தமாக வந்தது.

விஷயம் இதுதான். புது விளையாட்டை வெளியாட்களைக் கூப்பிட்டு ஆட வைத்துப் பார்க்கிறார்கள். எல்லாரும் பயத்தில் பாதியிலேயே எழுந்து போய்விடுகிறார்கள். கடைசிக் கதவு வரைக்கும் இன்னும் ஒருவர்கூடப் போனதில்லை. போனாலும் பிரயோஜனமில்லை, ஏனென்றால் அந்தக் கதவுக்குப் பின்னால் என்ன என்று பெரியவளுக்கே தெரியாது. முடிவுக்கு மூன்று விதமான சாவு யோசித்தாள். மூன்றும் அவளுக்கே அலுத்துவிட்டன. ஸ்டுடியோ முதலாளி கெடு வைத்துவிட்டார். இன்று சாயங்காலத்துக்குள் ஒருத்தராவது முடிவு வரைக்கும் போக வேண்டும், அங்கே ஒரு முடிவும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் விளையாட்டை மூடிவிட்டு, அவளோடு வேலை செய்கிற அத்தனை பேரையும் பழம் அடுக்கும் விளையாட்டுப் பிரிவுக்கு அனுப்பிவிடுவார்.

"நீ எடுக்க மாட்டேன்னா நானே வந்து உங்க முதலாளிகிட்ட பேசிக்கறேன்" என்றாள் அம்மா.

"வாயேன்" என்று சொல்லிவிட்டுப் பெரியவள் கதவைச் சாத்திக்கொண்டு போனாள். சும்மா மிரட்டுகிறாள் என்று நினைத்தாள். சொந்த அம்மாவைப் பற்றி இவ்வளவு நாளாகியும் ஒன்றும் தெரியவில்லை பாருங்கள்.

அம்மா தலை வாரினாள். வெளியே போகும்போது மட்டும் கட்டும் கைக்கடிகாரத்தைக் கட்டினாள். பஸ் ஏறினாள். ஹால் விளக்கு, வராந்தா விளக்கு, படிக்கட்டு விளக்கு எல்லாம் அணைந்தன.

இதற்கு மேல் நடந்ததை 'சவுண்டு' சொல்லித்தான் நமக்குத் தெரியும். சவுண்டு என்பவள் ஸ்டுடியோவில் ஒலிப்பதிவு பார்க்கும் பெண். காதில் எப்போதும் ஹெட்போன். பெயர்தான் சவுண்டு, பேசினால் பக்கத்தில் இருப்பவருக்கே கேட்காது.

ஸ்டுடியோ வரவேற்பறையில் அன்று ஒருவரை எதிர்பார்த்துக்கொண்டிருந்தார்கள். வீடியோ கேமே ஆடியறியாத, நடுவயது தாண்டிய ஒரு பெண்மணி. சோதனை ஆட்டத்துக்காகச் சொல்லி வைத்திருந்தார்கள். அந்த நேரம் பார்த்து நம் அம்மா கைக்கடிகாரத்தோடு உள்ளே நுழைந்தாள்.

"வாங்கம்மா, உங்களுக்காகத்தான் காத்துட்டிருக்கோம்!"

அம்மாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. பெண் போன் பண்ணிச் சொல்லியிருக்கிறாள், பரவாயில்லை, மரியாதை தெரிந்த பிள்ளைதான். நல்ல நாற்காலியில் உட்கார வைத்தார்கள். காதில் ஹெட்போனை மாட்டி, கையில் ரிமோட் மாதிரி ஒன்றைக் கொடுத்தார்கள். எதன் மேல் புகாரோ அதை முழுசாகப் பார்த்துவிட்டுத்தான் பேச வேண்டும் போலிருக்கிறது, அதுவும் நியாயம்தான் என்று அம்மா முடிவு செய்துகொண்டாள்.

சொல்லி வைத்திருந்த அசல் பெண்மணி கொஞ்ச நேரம் கழித்து வந்து, வரவேற்பறையில் காபி குடித்து, பத்திரிகை படித்து, நன்றி சொல்லிவிட்டுப் போய்விட்டாராம்.

சோதனை அறைக்குப் பின்னால் ஒரு கண்ணாடிச் சுவர். அதற்கு இந்தப் பக்கம் முதலாளியும் சவுண்டும். பெரியவள் காபிக் கோப்பையோடு கடைசியாக வந்தாள். கண்ணாடி வழியே பார்த்தாள்.

"அது... எங்கம்மா!"

"உட்காருங்க. ஆட்டம் ஆரம்பிச்சாச்சு" என்றார் முதலாளி.

"நிறுத்தணும் சார். நான் உள்ள போய்..."

"போய் என்ன பண்ணுவீங்க? பேசுவீங்களா? சட்டம் போட்டதே நீங்கதானே?"

உண்மைதான். ஆடுகிறவரிடம் வாய் திறக்கக் கூடாது என்பது பெரியவளே வகுத்த விதி. முன்பு வேலை பார்த்த இடத்தில் ஒருவர் ஆடும்போது பொறுக்க முடியாமல் "இடப்பக்கம் திரும்புங்க" என்று சொல்லித் தொலைத்தாள். அவர் திரும்பினார், எல்லாம் சரியாக இருக்கிறது என்று விளையாட்டை வெளியிட்டார்கள். சொல்ல ஆளில்லாமல் ஊரில் ஒருவர்கூட இடப்பக்கம் திரும்பவில்லை. அன்றிலிருந்து இந்த வாய்ப்பூட்டு. சிக்கித் தவித்தாலும் சரி, சுவரில் முட்டிக்கொண்டாலும் சரி, கண்ணாடிக்குப் பின்னால் கல்லாக உட்கார்ந்திருக்க வேண்டும்.

அம்மா சுவரில்தான் முட்டிக்கொண்டிருந்தாள். கையிலிருப்பதைச் சூடான பாத்திரம் மாதிரி பிடித்திருந்தாள். "வழி விடேன்" என்று சுவரைக் கேட்டாள். ஒருவழியாகத் திரும்பி முதல் அறைக்குள் போனாள். விளக்கை ஏற்றினாள்.

"எவ்வளவு தூசி! ஆளே இல்லையா இந்த வீட்ல?"

அந்த நிலவறையில் அறைக்கு ஒரு விளக்கு. ஆடுகிறவர்கள் உள்ளே நுழைந்ததும் விளக்கை ஏற்றுவார்கள், அப்படியே விட்டுவிட்டு அடுத்த அறைக்கு ஓடுவார்கள். பயந்தால் திரும்பி ஓடிவர வெளிச்சம் வேண்டுமே! அந்த உருவமோ எரியும் விளக்கைத் தேடித்தான் வரும், அதை அணைத்துவிட்டு அடுத்ததைத் தேடும். அதுதான் விளையாட்டின் சூட்சுமம்.

அம்மா அறையைச் சுற்றிப் பார்த்தாள். வெளியே வந்தாள். வருகிற வழியில், இரண்டாவது யோசனையே இல்லாமல், விளக்கை அணைத்தாள்.

கண்ணாடிக்குப் பின்னால் சவுண்டு நிமிர்ந்தாள். "அணைக்கிறாங்க!"

"அணைக்க முடியுமா?" என்றார் முதலாளி.

"முடியும்" என்றாள் பெரியவள். "பட்டன் வெச்சிருக்கோம். இதுவரைக்கும் யாரும் அழுத்தினதில்ல."

பேய் வீட்டில் யாராவது விளக்கை அணைப்பார்களா? அம்மா அடுத்த அறை, அதற்கடுத்த அறை என்று போய்க்கொண்டே இருந்தாள். ஏற்றுவது, பார்ப்பது, அணைப்பது. நம் வராந்தாவில் நடப்பது போலவே.

நீண்ட நடைவழியில் அந்தக் குரல் எழுந்தது.

"லைட்டை அணைக்காம யாரு போனது?"

"நான் அணைச்சுட்டுத்தாண்டி வந்தேன்!" என்றாள் அம்மா, ரோஷமாக.

உருவம் வந்தது. முழங்கால் வரைக்கும் தொங்கும் கைகள். இந்த இடத்தில்தான் எல்லாரும் எழுந்து தண்ணீர் குடிக்கப் போவார்கள். அம்மா இருட்டில் நின்றாள். அதுவும் நின்றது. தேடிப் போக எங்கேயும் வெளிச்சம் இல்லை. அப்படி ஒரு நிலை வரும் என்று யாரும் நினைக்காததால், என்ன செய்வதென்று அதற்குச் சொல்லித் தரவில்லை.

"என்ன பாக்கற? உன் வேலையையும் சேத்து நானே பாத்துட்டேன். போ, போய் உக்காரு."

முதலாளி கையால் வாயைப் பொத்திக்கொண்டார். விதி அவருக்கும் உண்டு.

அம்மா அதைத் தாண்டி நடந்தாள். நடைவழியின் கோடியில் கடைசிக் கதவு. இதுவரை யாரும் தொடாத கதவு. அதற்குப் பின்னால் இன்னும் எதுவும் செய்து வைக்கவில்லை, வெறும் கறுப்பு. அம்மா கதவைத் திறந்தாள். அந்தக் கறுப்பைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

காதில் ஹெட்போன் மாட்டியவர்கள் சாதாரணமாகச் சத்தமாகத்தான் பேசுவார்கள். அம்மா குரலைத் தாழ்த்தினாள்.

"ஸ்ஸ்... யாரோ தூங்கறாங்க போல."

மெதுவாகக் கதவைச் சாத்தினாள்.

காபிக் கோப்பையை எங்கே வைத்தாள் என்று பெரியவளுக்கு இன்றைக்கும் தெரியாது. தானே போட்ட விதியைத் தானே உடைத்துக்கொண்டு சோதனை அறைக்குள் ஓடினாள். ஹெட்போனைக் கழற்றினாள்.

"யாரும்மா? உள்ள யாரு தூங்கறது?"

"எனக்கென்னடி தெரியும்? நீதானே கட்டின இந்த வீட்ட?"

"தூங்கறாங்கன்னு எப்படித் தோணிச்சு?"

அம்மா அவளை ஒரு மாதிரி பார்த்தாள். "வீடு பூரா இருட்டா வெச்சிருக்க. யாரும் சத்தம் போட்டுப் பேசறதில்ல. அது பாட்டுக்கு ஒண்ணு லைட்டை அணைக்கலையான்னு கேட்டுட்டே வருது. அப்ப உள்ள யாரோ தூங்கறாங்கன்னுதானே அர்த்தம்? நம்ம வீட்ல வேற எதுக்கு இருட்டா வெச்சோம்?"

பெரியவள் அம்மாவின் நாற்காலிப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டாள். பத்திரிகைக்காரர்கள் தோண்டித் தோண்டிக் கேட்டது கிடைத்துவிட்டது. ஆனால் அவர்களுக்கு அது பிடித்திருக்காது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து, சவுண்டோடு பின்னாலேயே அறைக்குள் வந்திருந்த முதலாளியிடம் திரும்பினாள். பேச்சு வேகவேகமாக வந்தது. "அது கொல்ல வரல சார். கடைசி ரூம்ல யாரோ தூங்கறாங்க. அவங்க முழிச்சுக்கக் கூடாதுன்னுதான் அது லைட்டை அணைக்குது. நாம ஏத்திக்கிட்டே போறோம், அது பின்னாலயே அணைச்சுக்கிட்டே வருது. பயந்தவங்க ஓடிடுவாங்க. புரிஞ்சவங்க அதோட சேர்ந்து அணைப்பாங்க. அவங்களுக்குத்தான் அந்தக் கதவு திறக்கும்."

"திறந்தா?"

"திறந்தா... குறட்டைச் சத்தம்."

முதலாளி அம்மாவைத் திரும்பிப் பார்த்தார். "உங்க விளையாட்டுல ஒருத்தர் உயிரோட முடிக்கிறது இதுதான் முதல் தடவை" என்றார். சாயங்காலம் வரைக்கும் அவர் காத்திருக்கவில்லை. அங்கேயே சரி என்றார். பழம் அடுக்கும் பிரிவுக்கு யாரும் போகவில்லை.

"அதெல்லாம் இருக்கட்டும்" என்று அம்மா எழுந்தாள். "நான் வந்த விஷயம் அப்படியே நிக்குது. அந்தக் குரல்."

பெரியவளுக்கு முகம் வாடிவிட்டது. "எடுத்துடறேன்மா. உன்னைக் கேக்காம வெச்சது தப்புதான்."

"எடுக்கச் சொல்லல. சரியா இல்லங்கறேன். அவர் தூங்கறப்ப நான் என்னிக்குடி அப்படிக் கத்தியிருக்கேன்? ரிட்டயர் ஆனப்புறம்தானே கத்த ஆரம்பிச்சேன்? உங்க சின்ன வயசுல எப்படிச் சொல்வேன்னு மறந்து போச்சா?"

சவுண்டு அவசரமாக மைக்கைக் கொண்டுவந்து வைத்தாள். அம்மா அதன் பக்கத்தில் குனிந்தாள். பக்கத்து அறையில் புருஷன் அசந்து தூங்குகிற ஒரு வீட்டின் குரலில், மூச்சோடு மூச்சாகச் சொன்னாள்.

"லைட்டை... அணைக்காம... யாரு போனது?"

முதலாளி எழுந்து தண்ணீர் குடிக்கப் போனார்.

அடுத்த வேலை அப்பாவின் குறட்டை. கேட்ட வேஷம் கிடைத்துவிட்டதே என்று அவர் பூரித்துப் போனார். ஆனால் மைக்கைத் தலைமாட்டில் வைத்தால் மனிதருக்குத் தூக்கம் வர வேண்டுமே? நடிக்கத் தொடங்கிவிட்டார். குறட்டையில்கூட ஏற்ற இறக்கம்! வேறு வழியில்லாமல் பழைய முறைக்கே போனார்கள். பகல் நேரம், திரைச்சீலை மூடி, விளக்கெல்லாம் அணைத்து, அவர் மறந்து தூங்குகிற வரைக்கும் ஹாலில் காத்திருப்பது. காத்திருந்தவர்கள் சவுண்டும் சின்னவனும். சத்தம் போடக் கூடாது என்பதால் காதோடு காதாகத்தான் பேச வேண்டியிருந்தது. அவள் குரல் முதல் தடவையாக ஒருவனுக்கு முழுசாகக் கேட்டது. அப்பாவுக்குத் தூக்கம் வரப் பல நாள் பிடித்தது. வந்த பிறகும் இன்னும் சரியாக வரவில்லை என்று இரண்டு பேரும் சொல்லிக்கொண்டிருந்ததுதான் நமக்குச் சந்தேகத்தைக் கிளப்பியது.

விளையாட்டு வெளிவந்த சில வாரங்களில் அவர்களுக்குக் கல்யாணம் ஆனது. நமக்கு மேல் மாடியிலேயே குடியிருக்கிறார்கள். அந்த வீட்டில் சண்டை வந்தால் ஒன்றுமே கேட்பதில்லை. நம் கட்டடத்துக்கு இது பெரிய நஷ்டம்.

விளையாட்டை ஆடியவர்கள் இந்தத் தடவையும் அழுதார்கள். அழுதுவிட்டு அப்பாவுக்குப் போன் செய்தார்களாம். பேட்டி எடுக்க வந்தவர்களிடம் பெரியவள் கடைசியில் உண்மையைச் சொன்னாள். துக்கமெல்லாம் இல்லை, அப்பாவுக்கு இரவு வேலை என்றாள். ஒருவர்கூட அதை அச்சில் போடவில்லை.

துறைமுக ஊரில் அவளுக்கென்று தனி ஸ்டுடியோ அமைந்தது. வீடு மாற்றுகிற அன்று மாலை வேன் வந்து நின்றது. பெட்டிகளைத் தூக்க உடன் வந்தவர் ஒரு தாடிக்காரர். கூலிக்காரர் மாதிரித் தெரியவில்லை. பெட்டிகளைப் பூப் போல் எடுத்தார். அவள் கையிலிருந்ததையும் வாங்கிக்கொண்டார். நாம் ஜன்னல் ஓரமாகத்தான் நின்றிருந்தோம். ஆனால் ஆள் யார் என்று பிடிபடவில்லை.

வேனின் முன்விளக்குகள் எரிந்துகொண்டே இருந்தன. நாலாவது மாடியிலிருந்து அம்மா எட்டிப் பார்த்தாள்.

"லைட்டை அணைக்காம யாரு போனது?"

அந்த விளையாட்டை ஆடியவர் போலிருக்கிறது, தாடிக்காரர் அப்படியே உறைந்தார். பெட்டி கையிலிருந்து நழுவியது. நல்ல வேளை, உள்ளே தலையணைகள். அடுத்த நொடி மனிதர் வேனுக்குப் பாய்ந்து போய் விளக்கை அணைத்தார். பிறகு உள்விளக்கையும் அணைத்தார். பிறகு வாசலுக்கு வந்து, யாரும் சொல்லாமலேயே, படிக்கட்டு விளக்கையும் அணைத்தார்.

அம்மா இருட்டில் தடவித் தடவிக் கீழே இறங்கி வந்தாள். அவரை மேலும் கீழும் பார்த்தாள். பெண்ணைத் தனியாக ஓரம் கட்டினாள்.

"யாருடி இந்த ஆளு?"

பெரியவள் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள்.

"ஆடுறவங்ககிட்ட வாய் திறக்கக் கூடாதும்மா" என்றாள்.

வேன் கிளம்பிப் போனது. முன்சீட்டில் இரண்டு பேர். யாரிடம் விசாரித்தால் தெரியும் என்று நாம் யோசித்துக்கொண்டிருக்கும்போதே, வாசலில் நின்ற அம்மா யாரிடமும் சொல்லாமல் மெதுவாகத் தலையை ஆட்டிக்கொண்டாள்.

"நல்லா அணைக்கிறான்" என்றாள்.